நாலு கோப்பையும் ஒரு வெத்தலைத் தட்டும்

பள்ளிக்கூடத்துக்கு விழா மலர் போடுகிறார்களாம். இப்போது இருக்கிற டீச்சர், சின்ன வயசுப் பெண், வீடு தேடி வந்து கோடு போட்ட காகிதமும் ஒரு பேனாவும் கொடுத்தாள். "ஒரே பருவத்துல தொண்டு, பாட்டு, நாடகம், விளையாட்டுன்னு நாலுக்கும் பரிசு வாங்கினீங்களே, அதை எழுதுங்க ஆயா. அப்ப வேலை பார்த்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்" என்றாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "அந்தக் கோயில் விசயம் மட்டும் வேண்டாம் ஆயா. மலர்க் கமிட்டியில சொல்லச் சொன்னாங்க."

நான் தலையை ஆட்டினேன். யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவது என் பழக்கம். நாலு பேர் முன்னால் பேச எனக்கு இன்றைக்கும் வாய் வராது. ஆனால் காகிதத்துக்கு முன்னால் என்ன கூச்சம்? அதனால் கோயில் விசயத்தையும் சேர்த்தேதான் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு எழுத என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் கமிட்டிக்காரங்க கிழித்துப் போட்டுக்கொள்ளட்டும்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எங்கள் ஊரில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. வீட்டுக்காரர் பெங்களூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போனவர், அப்படியே அங்கே தங்கிவிட்டார். சேலத்தில் இருந்து தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்து கொஞ்ச காலத்தில், பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பெண்பிள்ளைகளுக்கு என்று பள்ளிக்கூடம் வந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது என் தலையில் ஒரு நரை கிடையாது. சேர்ந்த மறுநாளே பிள்ளைகள் எல்லாம் "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டார்கள். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "என்னைத்தான் யாரோ கூப்பிடறாங்கன்னு எழுந்து போயிட்டேன்டி" என்று சிரித்தாள்.

வேலை என்ன வேலை? தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு மணி அடிப்பது, வகுப்பைப் பெருக்குவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, சாக்பீஸ் எடுத்துக் கொடுப்பது. இது எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்து ஆயாவும் செய்வது.

இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதுவாக என் தலையில் வந்து விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் அந்தச் சேதியை வீட்டில் போய்ச் சொல்லுகிறவள் நான். வீட்டுக்காரர் திரும்பவில்லை என்றாலும் என் நெற்றியில் பொட்டு இருந்தது, அதனால் நான் சொன்னால் ஆகும் என்றார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. தையல் வகுப்புக்குப் பின்னால் இருக்கிற அறையில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். டிரங்குப் பெட்டியில் துவைத்து மடித்த பழைய புடவை எப்போதும் இருக்கும். எந்த நேரம் என்று பார்த்து மனசில் வைத்துக்கொள்ள வேண்டும், ஜாதகம் பார்க்கிறவர் கேட்பார். பிள்ளைக்குத் தலையோடு போர்வை போர்த்தி, முன்வாசல் வழியாக இல்லாமல் பின்னால் இருக்கிற சின்னக் கேட்டு வழியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டு வாசலில் நின்று, அம்மாவைக் கூப்பிட்டு, முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்க வேண்டும். தண்ணீர் கொடுத்த பிறகுதான் சேதி. உடனே குலவை, ஓட்டம், தாய்மாமன் வீட்டுக்கு ஆள். அவர் பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டுவார், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் பிள்ளை அதில்தான் இருக்கும். என் கைக்கு ஒரு தட்டு வரும். வெத்தலை பாக்கு, தேங்காய், வெல்லம், ஒரு ரவிக்கைத் துணி. சேதி கொண்டுவந்தவள் தட்டு வாங்காமல் போனால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் எவ்வளவு இல்லாத வீட்டிலும் கடன் வாங்கியாவது தட்டு வைத்துவிடுவார்கள்.

எனக்கு அதில் பெருமைதான். தெருவில் என்னைக் கண்டால் "நல்ல சேதிக்காரி வர்றா" என்பார்கள். போன போன இடத்தில் பனைவெல்லம் தின்றேன், ரவிக்கை தைத்துப் போட்டேன். பின்கேட்டு வழியாக நான் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளில் திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

பெரிய டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியை என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தெற்கத்திப் பக்கத்தில் இருந்து வந்தவங்க. கல்யாணம் கட்டவில்லை. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாங்க, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாங்க. யாரைக் கண்டிக்க வேண்டுமோ அவரையும் "உட்காருங்க" என்பாங்க. உட்கார்ந்தவர் பிழைத்தது கிடையாது. என்னையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாங்க. எல்லாரும் 'ஏ ஆயா' என்கிற இடத்தில் அந்த ஒரு 'நீங்க' எனக்கு முதலில் பயமாகவே இருந்தது.

ஆண்டு விழாவில் படிக்கிற அறிக்கையை முதல் நாளே காலியான பெரிய ஹாலில் மேடையில் நின்று படித்துப் பார்ப்பாங்க. கேட்கிறது நான் ஒருத்திதான். கடைசி வரிசையில் என்னை நிற்க வைத்து, ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்திக் கேட்பாங்க: "ஆயா, கடைசி வரிசைக்குக் கேக்குதா?" நான் தலையை ஆட்டுவேன். ஒலிபெருக்கியை அவங்க நம்ப மாட்டாங்க. கடைசியில் நிற்கிற பெண்பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கேட்டால்தான் அறிக்கை என்பாங்க.

இனி அந்தப் பருவம். மழை இல்லாத வருசம். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஏரிக்கரையில் சாலைக்குக் கல்லுடைக்க வந்த குடும்பங்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய டீச்சர் ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒரு பிடி கேழ்வரகு கொண்டுவரச் சொன்னாங்க. அதைத் திரித்து மதியம் களி கிண்டி, பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். துடுப்புப் போட்டுக் கிண்டினது நான். என் தோள்பட்டை இன்றைக்கும் அதைச் சொல்லும். அதற்குத்தான் தொண்டுக்கான கோப்பை வந்தது.

பாட்டுக்கும் நாடகத்துக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பெயர் சொன்னால் போதும், மாதம்மா. எட்டாவது படித்தாள். ஒல்லிக் குச்சி. பாட்டில் அவள் செய்த உதவி, பாடாமல் இருந்தது. அவள் குரலைக் கேட்ட பாட்டு டீச்சர், "நீ கடைசி வரிசையில நின்னு வாயை மட்டும் அசை கண்ணு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாங்க. அவளும் மற்ற எல்லாரையும் விட அழகாக வாயை அசைத்தாள். பரிசு கொடுத்த அம்மா மேடையை விட்டு இறங்கும்போது அவளைத்தான் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாங்க!

நாடகத்தில் அவள் ராஜா. ஆட்டுமுடியில் மீசை ஒட்டியிருந்தோம். போருக்குப் புறப்படுகிற இடத்தில் வியர்வையில் மீசை கழன்று கீழே விழுந்தது. மந்திரி வேசம் போட்டவள் பேயடித்த மாதிரி நின்றுவிட்டாள். மாதம்மா குனிந்து மீசையை எடுத்து மந்திரி கையில் கொடுத்து, "மந்திரி, இதைப் பத்திரமா வையும். ஜெயிச்சு வந்து ஒட்டிக்கொள்கிறேன்" என்றாள். கொட்டகையே அதிர்ந்தது. அந்தக் கோப்பையும் நமக்குத்தான் வந்தது.

மிச்சம் இருந்தது ஓட்டம். நாலு பேர் குச்சி மாற்றி ஓடுகிறது. காய்ந்த ஏரிக்குள்தான் பழக்கம். கடைசியாக ஓடுகிறவள் மாதம்மா. தர்மபுரியில் போட்டி. அன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸுக்குப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தார்கள். டிரில் டீச்சரும் துணைக்கு நானும் போவதாக இருந்தது. நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வாழை இலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். மாதம்மா வந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"ஆயா."

அந்த ஒரு குரலே போதும். நான் பல பிள்ளைகளிடம் கேட்ட குரல். பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, செய்ய வேண்டியதைச் செய்தேன். போர்வையை எடுத்து உதறினேன்.

"அதை வைங்க ஆயா. நான் ஓடணும்."

"ஐயோ, கண்ணு, ஆகாது. வா, வூட்டுக்குப் போயிடலாம்."

"ஓடிட்டு வந்தப்புறம் சொல்லுங்க. நான் என்ன எங்கயாவது ஓடியா போகப்போறேன்?" என்றாள். ஓடத்தான் போகிறோம் என்பது அவளுக்கே அப்புறம் உறைத்து, அழுகையிலும் சிரித்துவிட்டாள். பிறகு முகம் மாறிவிட்டது. "எங்க அக்காளையும் நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க? இந்தப் போர்வைதான?"

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இவளுடைய அக்காள். கணக்கில் கெட்டிக்காரி. இந்தப் போர்வைதான். பின்கேட்டு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்த்தது சந்தையில், இடுப்பில் பிள்ளையோடு. தூரத்துச் சொந்தத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் வீட்டில் வாங்கின ரவிக்கைத் துணியைத்தான், மாதம்மா இதைக் கேட்டபோது, நான் தைத்துப் போட்டிருந்தேன்.

போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

"வயிறு வலிச்சா நின்னுடணும்."

"நிக்க மாட்டேன்."

"மாதம்மா!"

"வலிச்சா அழுதுக்கிட்டே ஓடறேன் ஆயா. நிக்க மட்டும் சொல்லாதீங்க."

டிரில் டீச்சரிடம் கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். மூன்றாவதாக ஓடின பிள்ளை தடுமாறியதால், குச்சி மாதம்மா கைக்கு வரும்போது முன்னால் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு பேரையும் தாண்டினாள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். டிரில் டீச்சர் என் முதுகில் அடித்த அடியில்தான் கண்ணைத் திறந்தேன்.

நாலாவது கோப்பை வந்தாகிவிட்டது. ஊருக்குப் போய் இறங்கினதும் நேராக இவள் வீட்டுக்குப் போய்ச் சேதி சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் ஒன்றை நான் மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் எது ஜெயித்தாலும், மாடு ஜெயித்தாலும் மனுசன் ஜெயித்தாலும், முதலில் மாரியம்மன் கோயில். சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தது. பஸ் நின்றதும் பம்பைச் சத்தம். மாதம்மாவின் தாய்மாமன் பெரிய மாலையோடு நின்றுகொண்டிருந்தார். ஊரில் பேச்சு செல்லுபடியாகிற ஆள். "எங்க பொண்ணு! எங்க வூட்டுப் பொண்ணு!" என்று மாலையைப் போட்டு, கோப்பையை அவள் கையில் கொடுத்து, கோயிலுக்கு நடத்திக்கொண்டு போனார்.

படிக்கட்டில் மாதம்மா நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஊர் முழுக்க அங்கே இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அந்த இடத்திலேயே, அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில், அந்தப் பிள்ளையின் மானம் போய்விடும். நான் பக்கத்தில் போய் அவள் காதில் சொன்னேன்: "போ. ஆத்தாளும் பொம்பளதான்."

போனாள். கற்பூரம் காட்டினார்கள். நான் வெளியில் நின்றேன். இடி விழவில்லை.

மறுநாள் காலையில் மாதம்மா வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். அவள் அம்மா சொம்பைக் கொடுக்கும்போதே சிரித்தாள். சேதி சொன்னேன். குலவை போடப் போனவள், வழக்கப்படி, "எப்ப?" என்று கேட்டாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இன்று காலையில் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நேரத்தை மட்டும் நான் எந்த வீட்டிலும் மாற்றிச் சொன்னதில்லை.

"நேத்து காலையில. பஸ் ஏறறதுக்கு முன்னால."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "கோயிலுக்குள்ள போனாளே?"

"போனா."

உள்ளே இருந்து தாய்மாமன் வந்தார். அவர் சொன்னதை எல்லாம் எழுத மாட்டேன். மலர் பிள்ளைகள் படிக்கிறது. "சேதி சொல்ற நாய்க்கு இவ்வளவு திமிரா?" என்பதுதான் அதில் மரியாதையான பேச்சு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே, "தட்டைக் கொடுத்துத் தொரத்துக்கா. வாங்காமப் போனா நம்ம பொண்ணுக்குத்தான் கெடுதி" என்றார்.

தட்டு வந்தது. பச்சை ரவிக்கைத் துணி. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வாங்கு" என்றாள் அம்மா.

"மாட்டேனுங்க."

"என்னது?"

"தண்ணி ஊத்தினப்புறம் பொண்ண பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன்னு சொல்லுங்க. வாங்கிக்கறேன்."

என் வாயில் இருந்தா வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தாய்மாமன் அடிக்கக் கையை ஓங்கினார். "அவ மேல கையை வெச்சா தட்டு அப்படியே நிக்கும்டா" என்றாள் அந்த அம்மா. தம்பியை அவள் அப்படிப் பேசி அந்தத் தெரு கேட்டிருக்காது. தட்டைப் பிடித்தபடி அவள் நின்றாள், கையைக் கட்டியபடி நான் நின்றேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்: "மூத்தவளுக்கு வந்தப்ப மட்டும் உடனே வாங்கினியே?"

"வாங்கினேன். அதான் இன்னைக்கு வாங்கல."

அவள் கண் கலங்கிவிட்டது. "அனுப்பறேன்" என்றாள். "எங்க ஆத்தா மேல சத்தியமா அனுப்பறேன். வாங்குடி."

வாங்கிக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதற்குள் தாய்மாமன் நாலு பேரோடு பெரிய டீச்சர் அறையில் இருந்தார். பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தாங்க. "உட்காருங்க" என்றாங்க அவரை. உட்கார்ந்தார். இந்த ஆயாவை வேலையை விட்டு எடுக்க வேண்டும், கோயிலைக் கழுவிப் பரிகாரம் செய்ய வேண்டும் என்றார்.

"என்ன தப்புப் பண்ணினாங்க?"

"சேதியை மறைச்சாங்க."

"அது அந்தப் பிள்ளையோட சேதி. அவ சொல்லச் சொன்னப்ப சொல்லியிருக்காங்க." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாங்க. "கோயிலைக் கழுவணும்னா கழுவிடலாம். மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனது யாருங்க?"

"நான்தான்."

"அப்ப நீங்களும் ஒரு குடம் எடுத்துட்டு வாங்க."

அவர் வரவில்லை. நான் கழுவினேன். பெரிய டீச்சர் ஒரு குடம் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாங்க. சாக்பீஸ் பிடிக்கிற கை, தண்ணீர் பாதி புடவையிலேயே போய்விட்டது. ஊர் வேடிக்கை பார்த்தது. ஆத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் தரையைத் தேய்த்தேன். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்க மாட்டேன். கமிட்டிக்காரங்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் ஊற்றின மறுநாள் மாதம்மா வந்தாள். பழக்கத்தில் பின்கேட்டுப் பக்கம் திரும்பினவளைக் கூப்பிட்டு முன்வாசல் வழியாக வரச் சொன்னேன். அவள் பெரிய ஆளாக ஒன்றும் ஆகவில்லை. பத்தாவதுக்கு மேல் படித்து, கடைசிப் பரீட்சையில் ஒரு தடவை தோற்று மறுபடி எழுதினாள். இப்போது பொம்மிடியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். அதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. அவள் பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்தாள், அது போதும்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சத்தியம் வாங்காமல் தட்டு வாங்கினதில்லை. பெரிய வீடு, சின்ன வீடு, எல்லாம் ஒன்றுதான். திட்டினார்கள். பிள்ளைக்குக் கெடுதி வருமே என்று கொடுத்தார்கள். சத்தியம் பண்ணிவிட்டு அனுப்பாத வீடுகளும் உண்டு. அந்த வீட்டு முன்னால் போய் நிற்பேன். எனக்குப் பேச வராது. நிற்க வரும். போகிறவன் வருகிறவன் எல்லாம் "ஆயா ஏன் இங்க நிக்குது?" என்று கேட்பான். வீட்டுக்காரர்களுக்கு அதற்குப் பதில் சொல்லி மாளாது, கடைசியில் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள்.

அதை அடுத்து வந்த ஆண்டு விழாவுக்கு முதல் நாள். காலியான ஹால். நான் கடைசி வரிசையில். பெரிய டீச்சர் மேடையில் அறிக்கையைப் படித்தாங்க. தொண்டு படித்தாங்க. "கேக்குதா ஆயா?" தலையை ஆட்டினேன். பாட்டு, நாடகம், விளையாட்டு. தலையை ஆட்டினேன். முடிந்துவிட்டது என்று விளக்குமாற்றை எடுக்கக் குனிந்தேன். ஆனால் அவங்க காகிதத்தைத் திருப்பி இன்னொன்று படித்தாங்க. "இந்த ஆண்டு வயதுக்கு வந்த நம் மாணவியர் அத்தனை பேரும் மீண்டும் வகுப்புக்குத் திரும்பினார்கள். ஒருவரும் நிற்கவில்லை."

நாளைக்கு முதல் வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். மாதம்மாவின் மாமனும் இருப்பார். கடைசி வரிசையில் அம்மாக்கள் நிற்பார்கள்.

"கேக்குதா ஆயா?"

ஒவ்வொரு எழுத்தும் கேட்டிருந்தது. ஆனாலும் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததில் இருந்து முதல் தடவையாகத் தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து, கத்திச் சொன்னேன்.

"கேக்கலைங்க! இன்னொருக்கா, நல்லாச் சத்தமாப் படிங்க!"